இடியப்பம் பரிமாறிய பேய்

ஹலோவீன் நாளான ஒக்டோபர் முப்பத்தோராம் திகதி பின்னேரங்களில் ஒஸ்லோவில் பேய்களெல்லாம் பஸ்ஸில்தான் போய்வரும். எலும்புக்கூடு ஒன்று முதுகில் பள்ளிக்கூடப் பையோடு ஏறும். சூனியக்காரி நடுக்கதவால் தள்ளுவண்டியை ஏற்றி, பிரேக்கைப் போட்டுவிட்டுப் பிள்ளைக்கு வாழைப்பழம் உரிப்பாள். வாயில் இரத்தம் வடிகிற ஒருவன் யன்னலோரம் இருந்து கணக்குப் பாடம் படிப்பான். யோகராணிக்கு இதெல்லாம் பழகிப்போன காட்சி. இத்தனை வருடமாக சிவப்பு பஸ்ஸின் ஓட்டுநராக வளையத்தைப் பிடித்து, பனியிலும் சகதியிலும் ஏற்றம் இறக்கம் பார்த்தவள், இரண்டொரு பேய்க்காகத் தலையைத் திருப்புவாளா?

பேய்கள்தான் அவளைத் திரும்பிப் பார்க்கும். ஒருமுறை முன்கதவால் ஏறிய எலும்புக்கூடு ஒன்று, ஓட்டுநர் இருக்கையில் இருந்தவளைக் கண்டதும் ஏறிய காலை அப்படியே பின்னால் எடுத்தது. பின்னால் வந்த சவப்பெட்டிக்காரன் அதன்மேல் முட்டிக்கொண்டான்.

"அவதான்," என்றது எலும்புக்கூடு, நோர்வேஜிய மொழியில். "மூன்றாம் கதவு அம்மா!"

பஸ்ஸின் கடைசி இருக்கை வரைக்கும் அந்தப் பேச்சு ஓடியது. யோகராணி கண்ணாடியில் தன் பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு அதே மொழியில், "ஏறுங்கள், ஏறுங்கள். பேய் வந்தாலும் பஸ் நேரத்துக்குத்தான் எடுக்கும்," என்று சொல்லிக் கதவை மூடினாள். ஓடும்போது படம் எடுக்க விடமாட்டாள். கடைசித் தரிப்பிடத்தில் இறங்கி, ஜக்கெட்டை இழுத்துவிட்டு, எலும்புக்கூட்டுக்கும் சவப்பெட்டிக்கும் நடுவில் நின்று நாலு படத்துக்கு முகம் கொடுத்துவிட்டுத்தான் பஸ்ஸைத் திருப்பினாள்.

யோகராணி பெருமைக்காரி. அதை மறைக்க அவளுக்குத் தெரியாது, தெரிந்தாலும் மறைக்கமாட்டாள். தன்னடக்கம் என்பது செய்வதற்கு ஒன்றுமில்லாதவர்களின் பொழுதுபோக்கு என்பது அவளுடைய எண்ணம். தொண்ணூற்றிரண்டில் கொக்குவிலில் இருந்து கலியாணப் பெண்ணாக வந்து இறங்கிய இடம் ஒஸ்லோ அல்ல, நோர்வேயின் வடக்குக் கோடியிலுள்ள பாட்ஸ்பியோர்ட். அவளுடைய கணவன் ஜெயரத்தினம் அங்கே மீன் வெட்டும் தொழிற்சாலையில் ஏற்கெனவே ஒரு மூத்த ஆள். மார்கழி மாதம். சூரியன் என்ற சாமான் அங்கே வருவதே இல்லை. வந்த கிழமையே அவளும் கையுறையைப் போட்டுக்கொண்டு மேசைக்குப் போய்விட்டாள். "புதுப்பொம்பிளை, இரண்டு நாள் வீட்டிலை இரன்," என்று ஜெயரத்தினம் சொன்னதற்கு, "இருட்டுக்குள்ளை இருந்து என்னத்தைப் பாக்கிறது? அங்கையாவது வெளிச்சம் இருக்கு," என்றாளாம். இதை ஜெயரத்தினம்தான் எல்லோரிடமும் சொல்வார். சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும், அவர் ஏதோ மலையைப் புரட்டியவர் மாதிரி இருக்கும்.

மகள் மயூரா பிறந்ததும் ஒஸ்லோவுக்கு இறங்கினார்கள். நகரத்தின் கிழக்குப் பக்கத்தில், ஸ்தோவ்னரில், நாலு மாடி அடுக்குக் கட்டடங்கள் வரிசையாக நிற்கிற இடம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் நாலைந்து வாசல். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு எழுத்து. அவர்களுடையது எஃப் வாசல், மூன்றாம் மாடி. யோகராணி முதலில் பள்ளிக்கூடங்களைத் துப்புரவாக்கினாள். பிறகு ஒருநாள் காலையில் வேலைக்குப் போகிற பஸ்ஸின் ஓட்டுநரைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், வீட்டுக்கு வந்து, "அந்த மனிசன் திருப்பினதிலும் பாக்க நான் வடிவாத் திருப்புவன்," என்றாள். அடுத்த தை மாதம், கண்ணாடி போல உறைந்த தெருவில், முதல் தடவையிலேயே பஸ் ஓட்டும் அனுமதி எடுத்தாள். சோதனை எடுத்தவர் இறங்கும்போது தன் தொப்பியைக் கழற்றி வணங்கினார் என்பது அவளுடைய கதை. தொப்பி கழற்றினது உண்மை, தலை சொறியத்தான் கழற்றியிருப்பார் என்பது மயூராவின் கட்சி.

பேய்கள் அவளைத் திரும்பிப் பார்க்க வைத்த சினிமாப்படம் வந்து அகப்பட்டது அதற்குப் பிறகு, பன்றிக்காய்ச்சல் ஊரெல்லாம் திரிந்த அந்த இலையுதிர் காலத்தில்.

கீழ்மாடியில் சிந்திரே என்று ஒரு நோர்வேஜியப் பெடியன் குடியிருந்தான். மெலிந்த உடம்பு, எப்போதும் ஈரமாக இருக்கிற சப்பாத்து. அவன் ஒரு பேய்ப்படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரே ஹலோவீன் இரவு, ஒரே படிக்கட்டு, ஐந்து கதவு, ஐந்து கதை. முகமூடி போட்ட ஐந்து பிள்ளைகள் இனிப்புக் கேட்டு ஒவ்வொரு மணியாக அடித்துக்கொண்டு மேலே போவார்கள். ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு பிள்ளை நின்றுவிடும். கடைசியில் படிக்கட்டில் ஒருவரும் இறங்கி வரமாட்டார்கள். படத்தின் பெயரும் 'எஃப் வாசல்' தான். நடிப்பவர்களில் முக்கால்வாசி அவனுடைய கூட்டாளிகள். படப்பிடிப்புத் தளம் அயலவர்களின் வீடு. மூன்றாவது கதைக்கு யோகராணியின் குசினியைக் கேட்டிருந்தான். "பெரிய யன்னல், பெரிய பானைகள், பார்க்கவே பயமாக இருக்கிறது," என்று அவன் சொன்னதை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

படப்பிடிப்புப் பின்னேரம் விளக்குகள் பூட்டியாயிற்று, கமெரா வந்தாயிற்று. மூன்றாம் கதவுக் கிழவியாக வரவேண்டிய நடிகை மட்டும் வரவில்லை. காய்ச்சலில் படுத்துவிட்டாராம். சிந்திரே யன்னலோரம் போய் நின்று நகத்தைக் கடித்தான். அந்தக் கதைக்கான பிள்ளை இடா, ஒன்பது வயது, வெள்ளைச் சீலைத்துணியில் இரண்டு கண் ஓட்டை வெட்டிய ஆவி வேடத்தோடு கதிரையில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் விளக்குகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு எடுக்காவிட்டால் ஐந்து கதை நாலு கதையாகிவிடும்.

யோகராணி வேலைவிட்டு வந்து, பஸ் ஜக்கெட்டைக் கழற்றிச் சேலை மாற்றியிருந்தாள். வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போகிற நாள். சிந்திரே திரும்பினான், அவளைப் பார்த்தான், பிறகு விளக்கைப் பார்த்தான், பிறகு மறுபடி அவளைப் பார்த்தான்.

அவளுக்குச் சொல்லப்பட்டது மிகச் சின்ன வேலை. கதவைத் திறக்க வேண்டும். ஒன்றும் கதைக்கக்கூடாது. பிள்ளையைக் கூட்டிவந்து யன்னலுக்கு முன்னால் உள்ள மேசையில் இருத்தி, தட்டு வைத்து, பின்னால் நிற்க வேண்டும். "நான் நிறுத்துங்கள் என்று சொல்லும் வரைக்கும் செய்வதைச் செய்துகொண்டே இருங்கள்," என்றான். அவள் தலையாட்டினாள். ஆனால் தட்டில் இருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். சிவப்புச் சாயம் கலந்த பச்சைத்தண்ணியில் மிதக்கிற மக்கரோனி.

"இதை ஒரு பிள்ளை தின்னுமோ?" என்று தமிழிலேயே கேட்டாள். சிந்திரே விளங்காமல் விழித்தான். மயூராவுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஒரு விளக்கைப் பிடிக்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். அவள் மொழிபெயர்த்தாள். "இது நடிப்புக்குத்தான், ஒரு வாய் வைத்தால் போதும்," என்றான் சிந்திரே. யோகராணி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தட்டைக் குப்பைக்குள் கவிழ்த்துக் கழுவினாள். இரவுச் சாப்பாட்டுக்கு அவித்து வைத்த இடியப்பத்தை எடுத்தாள். உறைப்பில்லாத தேங்காய்ப்பால் சொதியைச் சூடாக்கினாள். பொய்க்குக்கூட ஒரு பிள்ளைக்குச் சாயத்தண்ணி வைக்க அவளால் முடியாது. சிந்திரே கமெராவுக்குள்ளால் அந்த வெள்ளை நூல்கட்டுகளைப் பார்த்தான். பிறகு விளக்கை அதன் பக்கம் திருப்பச் சொன்னான்.

மணி அடித்தது. அவள் கதவைத் திறந்தாள். வாசலில் நின்ற குட்டி ஆவியைக் கண்டதும் அவளையறியாமல் சிரித்தாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்து இருத்தினாள், ஆவித் துணியை மெல்லக் கழற்றிவிட்டாள், இரண்டு இடியப்பத்தை வைத்துச் சொதியை விட்டாள். இடா சாப்பிட்டாள்.

இதிலிருந்துதான் பிழை தொடங்கியது. பிழை என்று சொல்லக்கூட முடியாது. இரண்டு நல்ல வளர்ப்பு ஒன்றோடொன்று மோதிக்கொண்ட கதை. இடா வளர்ந்த வீட்டில், தட்டில் வைத்ததை மிச்சம் விடாமல் முடிப்பது மரியாதை. யோகராணி வளர்ந்த வீட்டில், விருந்தாளியின் தட்டு வெறுமையாக இருக்க விடுவது மானக்கேடு. போதுமென்றால் தட்டுக்கு மேலே கையை விரித்து மறைக்க வேண்டும். அதற்கும் பரிமாறுகிறவள் ஒருமுறை வற்புறுத்தி இன்னொன்று வைப்பாள். மறுபடி மறைத்தால்தான் உண்மையாகவே போதும். இடாவுக்கு இது எப்படித் தெரியும்? அவள் முடித்தாள். யோகராணி வைத்தாள். அவள் முடித்தாள். இவள் வைத்தாள். "பாவம், பிள்ளைக்கு நல்ல பசி," என்று யோகராணிக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. பின்னால் நிற்கச் சொன்னதால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மஞ்சள் தலையும் ஒரு தட்டும். தட்டிலேயே கண்ணாக நின்றவள் யன்னல் கண்ணாடியை நிமிர்ந்து பார்க்கவில்லை. சிந்திரே நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. கமெராவின் பின்னால் அவன் மூச்சு விடவும் மறந்து நின்றான்.

அவன் நிறுத்தினபோது இடியப்பத் தட்டத்தில் ஒன்றுமில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் இடாவுக்கு ஜக்கெட்டைப் போட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

விளக்குகளைக் கழற்றி முடிந்த பிறகு மயூரா தாய்க்குப் பக்கத்தில் வந்தாள்.

"அம்மா, அவள் அழுதவள். நீங்கள் பாக்கேல்லையோ?"

"ஆர்?"

"இடா. கடைசியிலை கண்ணாலை தண்ணி ஓடினது. நீங்கள் வைச்சுக்கொண்டே இருந்தனீங்கள்."

"நடிச்சிருப்பாள், பிள்ளை."

"எனக்குத் தெரியேல்லை," என்றாள் மயூரா.

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அது யோகராணிக்கு முள்ளாகத் தைத்துவிட்டது. அவள் வீட்டுக்கு வந்து பசியோடு போனவர்கள் கிடையாது. அழுதுகொண்டு சாப்பிட்டுப் போன ஒரு பிள்ளை இருந்திருக்குமா? அதைக் கேட்பதற்கு அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்றே அவளுக்குத் தெரியாது.

அடுத்த வருடம் படம் வந்தது. வந்த வேகத்திலேயே திரையரங்கிலிருந்து போயும்விட்டது. ஒரு பத்திரிகை, ஐந்து கதையில் நாலு கதையைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டு, மூன்றாம் கதவைப் பார்த்த பிறகு தான் ஒரு கிழமையாக யாருடைய வீட்டிலும் சாப்பிடவில்லை என்று எழுதியது. மயூரா அதை வாசித்துக் காட்டியபோது யோகராணி இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னாள்.

பிறகு மெல்ல மெல்ல, யாரும் தள்ளாமலே அந்த வண்டி ஓடத் தொடங்கியது. இணையத்தில் பெடியள் அதைக் கண்டெடுத்தார்கள். யன்னல் கண்ணாடியில், அழுகிற பிள்ளையின் தலைக்கு மேலே, பொட்டு வைத்த ஒரு பெண் ஆனந்தமாகச் சிரிக்கிற அந்தக் காட்சி உடுப்பில் ஏறியது, சுவரில் ஏறியது. நகரத்தின் நடுவிலுள்ள ஒரு பழைய திரையரங்கில் ஒவ்வொரு ஹலோவீனுக்கும் 'எஃப் வாசல்' ஓடுவது வழக்கமாகிவிட்டது. வருகிறவர்கள் கையில் காகிதத் தட்டோடு வருவார்கள். ஆம்பிளைப் பிள்ளைகளும் யன்னல் திரையைச் சேலை மாதிரிச் சுற்றிக்கொண்டு வருவார்கள். அவள் ஒவ்வொரு தடவை இடியப்பம் வைக்கும்போதும் அரங்கம் முழுக்க "போதும்!" என்று நோர்வேஜிய மொழியில் கத்துமாம்.

கோயிலில் புஷ்பமலர் அக்கா வழிமறித்தார். "யோகராணி, நீர் ஏதோ பேய்ப்படத்திலை நடிச்சனீராம்? கோயிலுக்கு வாற பொம்பிளை, இதெல்லாம் தேவையோ?"

"ஓம் அக்கா, நடிச்சனான்," என்றாள் யோகராணி. "ஐஞ்சு கதை. மூண்டாவது நான். மற்ற நாலும் சும்மா."

புஷ்பமலர் அக்கா திரும்பி அர்ச்சனைக்குப் போய்விட்டார். அடுத்த கிழமை அவரே வந்து, தன் பேரன் ஒரு கையெழுத்துக் கேட்கிறான் என்றார். யோகராணி தமிழில் போட்டுக் கொடுத்தாள். பேரன் வாசிக்கப் பழகட்டும் என்று.

ஜெயரத்தினத்தின் கதை வேறு. பாட்ஸ்பியோர்ட் காலத்துக் கூட்டாளிகள் பேர்கனிலும் மற்ற ஊர்களிலும் சிதறியிருந்தார்கள், ஒருவர் தப்பாமல் எல்லோருக்கும் போன் எடுத்து, "என்ரை மனிசியைக் கண்டா நோர்வே முழுக்க நடுங்குது. எனக்கு இது கலியாணம் கட்டின அண்டைக்கே தெரியும்," என்பார். ஒஸ்லோவின் குறொன்லாண்ட் கடைத்தெருவில் தேங்காய் வாங்கப் போனாலும் கடைக்காரனிடம் அதே கதை. யோகராணி பக்கத்தில் நின்று, தனக்கு ஒன்றும் கேட்காததுபோல முருங்கைக்காயை முறித்துப் பார்ப்பாள்.

இத்தனை பெருமையிலும் ஒன்றை அவள் செய்யமாட்டாள். அந்தத் திரையரங்குக்குப் போகமாட்டாள். சிந்திரே வருடா வருடம் கூப்பிட்டான். வருடா வருடம் அவளுக்கு வேலை நேரம் குறுக்கே வந்தது. வீட்டில் யாராவது படத்தைப் போட்டாலும், மூன்றாம் கதவு வரும் நேரம் பார்த்து அவளுக்குக் குசினியில் ஏதாவது பொங்கி வழியும். அரங்கம் "போதும்" என்று கத்துகிறது என்று சொல்லி எல்லோரும் சிரிக்கும்போது, அவளுக்குச் சிரிப்பு வராது. அந்தச் சொல்லை அன்றைக்கு அந்தக் குசினியில் ஒருவரும் சொல்லவில்லையே என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

படம் வந்து பதினைந்தாவது வருடம், புரட்டாதி முடிகிற நேரம், சிந்திரே போன் எடுத்தான். இப்போது அவனுக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. இந்தமுறை பெரிய விழாவாம். படம் முடிய, நடித்தவர்களை மேடையில் ஏற்றிக் கேள்வி கேட்பார்களாம். "இடாவைக் கண்டுபிடித்துவிட்டோம். பேர்கனில் ஆஸ்பத்திரித் தாதியாக இருக்கிறாள். இதுவரை ஒருவருக்கும் பேட்டி கொடுத்ததில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். நீங்களும் வருவீர்கள்தானே?"

வேலை நேரத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்று யோகராணி போனை வைத்தாள்.

அன்றைக்கு மயூரா வந்திருந்தாள். படித்து முடித்து, பாலம் கட்டுகிற ஒரு நிறுவனத்தில் பொறியியலாளராக வேலை செய்கிறாள். அதுவும் யோகராணியின் பெருமைப் பட்டியலில் மேலே இருக்கிற ஒன்று. போன் பேச்சைக் கேட்டு, தாயின் முகத்தையும் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"போங்கோ அம்மா."

"என்னத்துக்கு? எல்லாருக்கும் முன்னாலை அந்தப் பிள்ளை, இந்தப் பொம்பிளை என்னைப் படுத்தின பாடு எண்டு சொல்லவோ?"

"சொன்னா, சொல்லட்டுமன். பதினைஞ்சு வருஷமா அதைத்தானே நினைச்சுக்கொண்டு இருக்கிறியள்? இப்ப கேக்காட்டி எப்ப கேக்கிறது?"

"அவள் கோவத்தோடை வந்தா?" என்றார் ஜெயரத்தினம் பத்திரிகைக்குப் பின்னால் இருந்து.

"வந்தா மன்னிப்புக் கேப்பன்," என்றாள் யோகராணி. "ஆனா நான் ஒளிஞ்சவள் எண்டு ஒருதரும் சொல்லக்கூடாது." அன்றைக்கே விழா நாளுக்கு லீவு எழுதிக் கொடுத்தாள்.

ஹலோவீன் வந்தது. காட்சி ஆறு மணிக்கு. யோகராணி மயில்நீலக் காஞ்சிபுரம் சேலை உடுத்து, அதற்கு மேலே குளிர் ஜக்கெட்டைப் போட்டு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறவள்போல நடுவில் நடக்க, ஜெயரத்தினமும் மயூராவும் இரண்டு பக்கத்திலும் வந்தார்கள். திரையரங்கின் வாசலில் யன்னல் திரை சுற்றிய பெடியளெல்லாம் விலகி வழிவிட்டார்கள். ஒருவன் அவளுடைய சேலை மடிப்பைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதைப் பார்த்து வெட்கப்பட்டான். அவள் நின்று அவனுக்குக் கொசுவத்தைச் சரியாக மடித்துச் செருகிவிட்டுத்தான் உள்ளே போனாள். இடா இன்னும் வந்து சேரவில்லை. பேர்கன் ரயில் பிந்திவிட்டதாம், நேரே மேடைக்குத்தான் வருவாளாம்.

படம் ஓடியது. முதலாம் கதவு, இரண்டாம் கதவு. மூன்றாம் கதவு வந்தபோது எழும்பிப்போகக் குசினி இல்லை. யோகராணி கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். தான் பின்னால் நின்று பார்க்காத முகத்தை இப்போது முதன்முறையாகப் பார்த்தாள். சின்ன முகம், சொதி படிந்த நாடி, நிறைந்து நிறைந்து வழிகிற கண். அந்த முகத்துக்கு மேலே, இருண்ட யன்னல் கண்ணாடியில், இன்னொரு முகம். அவளுடையதுதான். ஆனால் இப்படியொரு சந்தோசத்தோடு அவள் தன்னை எந்தக் கண்ணாடியிலும் கண்டதில்லை. கலியாணப் படத்தில்கூட அப்படியில்லை. "போதும்!" என்று அரங்கம் கத்தியது. திரையில் இருந்தவள் இன்னும் இரண்டு வைத்தாள்.

"போதுமடி," என்றாள் யோகராணி வாய்க்குள்.

மேடையில் நாலு கதிரை போட்டிருந்தது. பூசணிக்காய் நிறத்தில் கோட்டுப் போட்ட ஒரு இளைஞன் நிகழ்ச்சியை நடத்தினான். சிந்திரே ஏறினான். பிறகு யோகராணியைக் கூப்பிட்டபோது எழும்பிய சத்தத்தில் மேல்விளக்கு ஆடியிருக்கும். அவள் கைகூப்பினாள், கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். மறுபக்கத்தால், தோளில் பயணப்பையோடு ஒரு நெட்டைப் பெண் ஏறி வந்தாள். மஞ்சள் தலைமுடி இப்போது கட்டையாக வெட்டியிருந்தது. யோகராணியைப் பார்த்துத் தலையை அசைத்தாள். கோபமா இல்லையா என்று அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

பூசணிக்காய்க் கோட்டுக்காரன் சுற்றி வளைக்கவில்லை. "இடா, பதினைந்து வருடமாக நாங்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான். அந்தக் கண்ணீர் நடிப்பா, உண்மையா?"

"உண்மை," என்றாள் இடா.

அரங்கம் ஓவென்று கத்தியது. யோகராணிக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. மூன்றாவது வரிசையில் மயூரா வாயைப் பொத்திக்கொண்டதை மட்டும் கண்டாள்.

"வயிறு வெடிக்கிறதுபோல இருந்தது," என்றாள் இடா. "பாதியிலேயே எனக்குப் போதுமாகிவிட்டது. அதற்குப் பிறகு சாப்பிட்டதெல்லாம் நோவோடுதான்."

"நிறுத்தியிருக்கலாமே? பயமாக இருந்ததா?"

"இல்லை. போதும் என்று வீட்டில் தினமும் சொல்கிற பிள்ளைதான் நான். இங்கும் சொல்லியிருப்பேன்." இடா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தாள். "ஆனால் எனக்கு முன்னால் யன்னல். அதில் இவருடைய முகம் தெரிந்தது. நான் தட்டை முடிக்கிற ஒவ்வொரு முறையும் இவருக்கு அவ்வளவு சந்தோசம். நான் சாப்பிட்டதற்காக ஒருவர் அப்படிச் சந்தோசப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. போதும் என்று சொன்னால் அந்த முகம் வாடிவிடும் என்று நினைத்தேன். அதை வாடவைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் சாப்பிட்டேன்."

சிரிக்கலாமா என்று யோசித்த அரங்கம், யோசனையை விட்டுவிட்டது.

யோகராணி இடாவின் பக்கம் திரும்பினாள். பெரிய பரிமாறுகாரி, வீட்டுக்கு வந்த பிள்ளையைத் தான் கவனித்துக்கொண்டதாக அல்லவா நினைத்திருந்தாள்! கவனித்துக்கொண்டது அந்தப் பிள்ளை. ஒன்பது வயதில், நோகிற வயிற்றோடு, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் முகம் வாடக்கூடாது என்று. தான் பயந்துவந்தது பிழையில்லை, பிள்ளை அழுததும் உண்மை, நொந்ததும் உண்மை. ஆனால் அதற்கு மேலே இப்படி ஒன்று இருக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

"நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று கோட்டுக்காரன் ஒலிவாங்கியை நீட்டினான். அவள் எழும்பி நின்றாள். அவளுடைய நோர்வேஜிய மொழி பாட்ஸ்பியோர்ட்டில் மீன் மேசையில் பழகியது, வடக்கத்திப் பேச்சும் தமிழ் இழுப்பும் சேர்ந்தது. அதற்காக அவள் ஒருநாளும் குரலைத் தணித்ததில்லை.

"இந்தப் படத்தில் நான் நடித்தேன் என்று இவ்வளவு காலமும் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்," என்றாள். "பஸ்ஸில் ஏறினவர்களுக்குச் சொன்னேன். கோயிலில் சொன்னேன். என்னைப் பார்த்து நீங்கள் கை தட்டினீர்கள், நானும் வாங்கிக்கொண்டேன். அது சரியில்லை. நான் நடிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிள்ளைக்குச் சாப்பாடு வைத்தேன், அவ்வளவுதான். நடித்தது இவள். வயிறு நோகிறபோது நோகவில்லை என்று எனக்காக நடித்தாள். என்னை நன்றாக ஏமாற்றினாள். உங்களில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, பின்னால் நின்ற நானும் கண்டுபிடிக்கவில்லை. இதைவிடப் பெரிய நடிகை யார்? கை தட்டுகிறதென்றால் இவளுக்குத் தட்டுங்கள்."

ஒலிவாங்கியைக் கதிரையில் வைத்துவிட்டு, முதலில் அவளே தட்டினாள். பஸ் வளையத்தைச் சுற்றி உரமேறிய கை, அந்தச் சத்தம் பின்வரிசை வரைக்கும் போனது. பிறகு மயூரா எழும்பினாள், ஜெயரத்தினம் எழும்பினார், யன்னல் திரை சுற்றினவர்களும் எலும்புக்கூடுகளும் எழும்பினார்கள். இடா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். யோகராணி அவளிடம் போய், நெட்டைப் பிள்ளை என்பதால் எட்டி, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அத்தனை சத்தத்துக்குள்ளும் அவள் அந்தப் பிள்ளையின் காதுக்குள் தமிழில்தான் கதைத்தாள். இடா விளங்காமல் பார்த்ததும், மேடையின் விளிம்புக்கு ஓடிவந்த மகளைக் கூப்பிட்டாள்.

"மயூரா, இவளின்ரை தாயின்ரை போன் நம்பரைக் கேள். நல்ல பிள்ளை பெத்திருக்கிறா எண்டு நான் அவவுக்கு இண்டைக்கே சொல்லோணும்."